பிளஸ் டூ சான்றிதழ் எதுவரை செல்லும்? வெளிநாட்டுப் பல்கலைக்கழகச் சேர்க்கை விதிகளும் தென்காசியின் தலித் மாணவர்களும்

வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் சேர்க்கை விதிகளில் சாதி என்னும் சொல் இடம்பெறுவதில்லை. மதிப்பெண், ஆங்கிலத் தேர்ச்சி, பரிந்துரைக் கடிதம், வங்கி இருப்பு ஆகியவற்றையே அவை கேட்கின்றன. இவை எல்லோருக்கும் பொதுவான விதிகள் என்றே நம்மிடம் சொல்லப்படுகிறது. எனினும் ஒவ்வொரு விதியையும் தனித்தனியே எடுத்துப் பார்த்தால், அது ஒரு குறிப்பிட்ட வகைப் பள்ளியையும் ஒரு குறிப்பிட்ட வகைக் குடும்பத்தையும் மனத்தில் கொண்டு எழுதப்பட்டிருப்பது விளங்கும். அப்பள்ளியில் படித்தவருக்கு அது விதி. படிக்காதவருக்கு அது மதில்.

தென்காசி, 2019 நவம்பர் 22 அன்று திருநெல்வேலியிலிருந்து பிரிந்து உருவான மாவட்டம். தென்காசி நாடாளுமன்றத் தொகுதி பட்டியல் சாதியினருக்கான தனித் தொகுதி. சங்கரன்கோவில், வாசுதேவநல்லூர் ஆகிய சட்டமன்றத் தொகுதிகளும் அவ்வாறே. வயல் வேலைக்கும் செங்கற்சூளைக்கும் செல்கிற, பீடி சுற்றுகிற, சாரல் காலத்தில் குற்றாலத்தின் விடுதிகளிலும் கடைகளிலும் கூலிக்கு நிற்கிற பெற்றோரின் பிள்ளைகள் இங்கே அரசு மேல்நிலைப் பள்ளிகளிலும் ஆதிதிராவிடர் நல விடுதிகளிலும் தங்கிப் படிக்கிறார்கள். எம்மிடம் சட்ட ஆலோசனைக்கு வருகிற மாணவர்கள் அண்மைக் காலமாக ஒரு கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள்: பிளஸ் டூ முடித்தவுடன் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் சேர முடியுமா? சர்வதேசப் பள்ளியில் படித்தவர்கள் மட்டும் எப்படிச் சேர்கிறார்கள்?

முடியும் என்பதே சுருக்கமான விடை. ஆனால் எந்த நாட்டில், எந்த வயதில், யாருடைய பணத்தில் என்னும் மூன்று கேள்விகளுக்கும் சாதி அமைப்பு முன்கூட்டியே விடை எழுதி வைத்திருக்கிறது. அதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பன்னாட்டுப் பட்டயம் யாருக்காகப் பிறந்தது?

ஐ.பி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் இன்டர்நேஷனல் பேக்கலரேட் அமைப்பு 1968ஆம் ஆண்டு ஜெனீவாவில் தொடங்கப்பட்டது. தூதரக அதிகாரிகள், பன்னாட்டு நிறுவன அலுவலர்கள் ஆகியோரின் பிள்ளைகள் பெற்றோரோடு நாடு விட்டு நாடு மாறும்போது, எந்த நாட்டுப் பல்கலைக்கழகமும் ஏற்கத்தக்க ஒரே பள்ளி இறுதிச் சான்றிதழ் தேவைப்பட்டது. அத்தேவையிலிருந்தே ஐ.பி. பட்டயம் பிறந்தது. பதினாறு வயது முதல் இரண்டாண்டுகள் படிக்க வேண்டும். ஆறு பாடங்கள், ஒவ்வொன்றுக்கும் 7 புள்ளிகள். நாலாயிரம் சொற்களுக்கு மிகாத ஓர் ஆய்வுக் கட்டுரையும் அறிவுக் கோட்பாடு என்னும் பாடமும் சேர்ந்து 3 புள்ளிகள். ஆக மொத்தம் 45. பட்டயம் பெறக் குறைந்தது 24 புள்ளிகள் வேண்டும்.

இந்தியாவில் இப்பட்டயத்தை முதலில் வழங்கிய பள்ளி தமிழ்நாட்டில்தான் இருக்கிறது. அமெரிக்க மிஷனரிகளின் பிள்ளைகளுக்காக 1901இல் தொடங்கப்பட்ட கொடைக்கானல் சர்வதேசப் பள்ளி, 1976இல் ஐ.பி. அங்கீகாரம் பெற்றது. இன்று இந்திய நகரங்கள் பலவற்றில் இத்தகைய பள்ளிகள் உள்ளன. அவற்றின் ஆண்டுக் கட்டணம் பல இலட்ச ரூபாய்.

நம் மக்களும் தலைமுறை தலைமுறையாக இடம்பெயர்கிறவர்களே. செங்கோட்டைக் கணவாயைக் கடந்து கேரளத் தோட்டங்களுக்கும், திருப்பூருக்கும், வளைகுடா நாடுகளுக்கும் போகிறார்கள். பணிநிமித்தம் இடம்பெயரும் அதிகாரியின் பிள்ளைக்கு உலகமே ஏற்கும் சான்றிதழ் உருவாக்கப்பட்டது. பிழைப்பு தேடி இடம்பெயரும் கூலித் தொழிலாளியின் பிள்ளைக்குப் பள்ளி இடைநிற்றலே கிடைத்தது.

மூன்று நாடுகள், மூன்று கணக்குகள்

ஒரே மாணவரின் பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல் நாட்டுக்கு நாடு வேறு வேறு மதிப்பைப் பெறுகிறது. மாணவர்கள் அதிகம் விசாரிக்கும் மூன்று நாடுகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறோம்.

முதலாவது பிரித்தானியா. அங்குள்ள பல்கலைக்கழகங்கள் ஐ.பி. மாணவர்களிடம் பெரும்பாலும் 30க்கும் 40க்கும் இடைப்பட்ட புள்ளிகளைக் கேட்கின்றன. இந்தியாவின் பன்னிரண்டாம் வகுப்பையும் பல பல்கலைக்கழகங்கள் ஏற்கின்றன. ஆனால் சி.பி.எஸ்.இ., ஐ.எஸ்.சி. மாணவர்களுக்கு ஒரு விழுக்காடும் மாநில வாரிய மாணவர்களுக்கு அதைவிடக் கூடுதலான விழுக்காடும் நிர்ணயிக்கும் பல்கலைக்கழகங்கள் பல உள்ளன. அந்த விழுக்காட்டை எட்டாதவர்கள் ஓராண்டு அடித்தளப் படிப்பை அங்கேயே முடிக்க வேண்டும். அந்த ஓராண்டுக்கும் கட்டணம் உண்டு. ஆக, மாநில வாரியத்தில் படித்தவர் ஒன்று அதிக மதிப்பெண் பெற வேண்டும், அல்லது அதிகப் பணம் செலுத்த வேண்டும்.

இரண்டாவது ஜெர்மனி. அங்கே அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் இல்லை. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் மட்டும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களிடம் 2017 முதல் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. கட்டணமில்லாக் கல்வி என்னும் செய்தி நம் மாணவர்களை ஈர்ப்பது இயல்பே. ஆனால் குறிப்பிட்ட பாடச் சேர்க்கையோடு ஐ.பி. முடித்தவர் நேரடியாகச் சேர முடிகிற இடத்தில், இந்தியப் பன்னிரண்டாம் வகுப்பு மட்டும் முடித்தவர் நேரடியாகச் சேர முடியாது. இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்றில் அதே துறையில் ஓராண்டை வெற்றிகரமாக முடிக்க வேண்டும். அல்லது ஐ.ஐ.டி. சேர்க்கைக்கான ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேர்வில் தேர்ச்சி பெற்றிருந்தால் தொழில்நுட்பப் படிப்புகளுக்கு வழி உண்டு. இரண்டும் இல்லாதவர் ஸ்டூடியன்கொலெக் என்னும் ஆயத்தக் கல்லூரியில் ஓராண்டு படித்துத் தேர்வெழுத வேண்டும். கல்வி ஆவணங்களைச் சரிபார்க்கும் ஏ.பி.எஸ். சான்றிதழ் 2022 நவம்பர் முதல் இந்திய மாணவர்களுக்குக் கட்டாயம். அதற்கான கட்டணம் 18,000 ரூபாய். வாழ்க்கைச் செலவுக்காக முடக்கப்பட்ட வங்கிக் கணக்கில் 11,904 யூரோ முன்கூட்டியே போட்டுக் காட்ட வேண்டும் என்பது 2024 செப்டம்பர் முதல் உள்ள நிலை. அது பத்து இலட்ச ரூபாய்க்கும் அதிகம். கட்டணமில்லாக் கல்வியின் வாசலில் வைக்கப்பட்டிருக்கும் கட்டணம் இது.

மூன்றாவது அமெரிக்கா. மாநில வாரியச் சான்றிதழைப் பள்ளிக் கல்வி முடித்ததற்கான சான்றாக ஏற்பதில் அங்கே பொதுவாகத் தடையில்லை. ஆனால் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையான மதிப்பெண் பதிவுகள், ஆசிரியர்களின் பரிந்துரைகள், பள்ளி ஆலோசகரின் கடிதம், மாணவர் எழுதும் கட்டுரைகள், பாடத்துக்கு வெளியேயான செயல்பாடுகள் எல்லாவற்றையும் கேட்கிறார்கள். ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி. உள்ளிட்ட, விரல்விட்டு எண்ணத்தக்க சில நிறுவனங்கள் மட்டும் வெளிநாட்டு மாணவரின் பொருளாதார நிலையைப் பாராமல் தேர்வு செய்து, தேர்வானவரின் தேவை முழுவதையும் ஈடுசெய்கின்றன. மற்றப் பெரும்பாலான இடங்களில், உதவித்தொகை கேட்பதே சேர்க்கை வாய்ப்பைக் குறைக்கக்கூடும்.

விதியில் எழுதப்படாத தகுதிகள்

மேலே கண்டவை எழுதப்பட்ட விதிகள். அவற்றைவிட வலுவானவை எழுதப்படாதவை.

பிரித்தானியாவில் இளங்கலைப் படிப்புக்கு யூகாஸ் என்னும் பொது அமைப்பின் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களுக்கும் மருத்துவப் படிப்புகளுக்கும் அக்டோபர் நடுப்பகுதியிலும், மற்றப் பெரும்பாலான படிப்புகளுக்கு ஜனவரியிலும் காலக்கெடு முடிகிறது. தமிழ்நாட்டில் பிளஸ் டூ முடிவுகள் வருவதோ மே மாதத்தில். இடைப்பட்ட காலத்தில் மாணவர் பெறக்கூடிய மதிப்பெண்ணைப் பள்ளியே கணித்துத் தர வேண்டும். ஐ.பி. பள்ளிகளில் இது ஆண்டுதோறும் நடக்கும் வழக்கமான வேலை. அதற்கெனவே ஆலோசகர் இருக்கிறார். நம் ஊர் அரசுப் பள்ளியில் தலைமையாசிரியரிடம் இத்தகைய கடிதத்தை இதுவரை யாரும் கேட்டதே இல்லை. அவர் மறுக்கவில்லை, கேட்கப்படுவது இன்னதென்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

அடுத்தது ஆங்கிலம். ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வுக் கட்டணம் 17,000 ரூபாயைத் தாண்டுகிறது. ஒரு முறை தவறினால் மீண்டும் அதே தொகை. ஐ.பி. பட்டயத்தை ஆங்கில வழியில் முடித்தவர்களுக்குப் பல பல்கலைக்கழகங்கள் இத்தேர்விலிருந்து விலக்கு அளிக்கின்றன. பணம் உள்ளவருக்கு விலக்கு, இல்லாதவருக்குக் கட்டணம் என்பதே நடைமுறையில் இதன் பொருள்.

மூன்றாவது வங்கி இருப்பு. பிரித்தானிய மாணவர் விசாவுக்கு வாழ்க்கைச் செலவுத் தொகை தொடர்ந்து 28 நாள்கள் கணக்கில் இருந்ததைக் காட்ட வேண்டும். இதற்கு மேல் மருத்துவ வசதிக்காக மாணவர் ஒருவர் ஆண்டுக்கு 776 பவுண்டு முன்கூட்டியே செலுத்த வேண்டும். வாரக் கூலியில் வாழும் குடும்பத்தின் கணக்கில் சில இலட்சங்கள் 28 நாள்கள் அசையாமல் கிடப்பது நடக்கக்கூடியதா? அரசு உதவித்தொகை பெற்றவர் அந்த ஒப்புதல் கடிதத்தையே சான்றாகக் காட்டலாம் என்னும் சலுகை விசா விதியில் உண்டு. அந்தக் கடிதம் யாருக்குக் கிடைக்கிறது என்பதைப் பின்னர் பார்ப்போம்.

நான்காவது, பின்னணியைக் கணக்கில் எடுப்பது. பிரித்தானியப் பல்கலைக்கழகங்கள் பல, பின்தங்கிய பகுதிகளிலிருந்து வரும் தம் நாட்டு மாணவர்களுக்கு மதிப்பெண் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்கின்றன. தகுதி என்பது சூழலைப் பொறுத்தது என்பதை அவர்களே ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் அந்தச் சலுகை பொதுவாக உள்நாட்டு மாணவரோடு நின்றுவிடுகிறது. அமெரிக்காவில் பிராண்டைஸ் பல்கலைக்கழகம் 2019இலும், கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழக அமைப்பு 2022இலும் சாதிப் பாகுபாட்டுக்கு எதிரான பாதுகாப்பைத் தம் விதிகளில் சேர்த்தன. அவை போராடிப் பெற்ற வெற்றிகள். எனினும் அவை வளாகத்துக்குள் நுழைந்துவிட்டவரைக் காக்கும் விதிகள். வாசலில் நிற்பவரின் சாதி அங்கே இன்னும் கண்ணுக்குத் தெரிவதில்லை.

சட்டம் எங்கே நின்றுவிடுகிறது?

குழந்தைகளுக்கான கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009இன் பிரிவு 12(1)(இ), அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகளில் 25 விழுக்காட்டு இடங்களை நலிவடைந்த, வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினருக்கு ஒதுக்கச் சொல்கிறது. ஆனால் அச்சட்டம் காக்கும் வயது ஆறு முதல் பதினான்கு வரை. எட்டாம் வகுப்போடு அதன் கை விட்டுப்போகிறது. ஐ.பி. பட்டயமோ பதினாறு வயதுக்குப் பிறகு படிக்கப்படுவது. எனவே வெளிநாட்டுக்கு இட்டுச்செல்லும் அந்த இரண்டாண்டுப் படிப்பு, சட்டம் தந்த ஒதுக்கீட்டின் எல்லைக்கு அப்பால் பாதுகாப்பாக இருக்கிறது.

பொதுநிதியின் நிலை என்ன? பட்டியல் சாதி மாணவர்களை வெளிநாட்டுக்கு அனுப்புவதற்கான ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகைத் திட்டம் 1954-55 முதல் நடைமுறையில் உள்ளது. தமிழ்நாடு அரசு அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டத்தை நடத்துகிறது. இரண்டும் முதுகலைக்கும் முனைவர் பட்டத்துக்கும் மட்டுமே. இளங்கலைக்கு இவற்றில் இடமில்லை.

இந்த இரண்டு உண்மைகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். பதினான்கு வயதில் ஒரு சட்டம் முடிகிறது. இருபத்தொரு வயதில் ஒரு திட்டம் தொடங்குகிறது. இடைப்பட்ட ஏழாண்டுகளில்தான் பன்னாட்டுப் பட்டயமும் வெளிநாட்டு இளங்கலையும் இருக்கின்றன. அந்த ஏழாண்டுகள் முழுவதும் பணம் படைத்தவர்களுக்கு விடப்பட்டிருக்கின்றன.

இதற்கு விதிவிலக்குகள் உண்டு. தமிழ்நாட்டின் அரசு மாதிரிப் பள்ளிகளில் படித்த மாணவர் சிலர் அண்மை ஆண்டுகளில் தைவான் போன்ற நாடுகளின் பல்கலைக்கழகங்களில் உதவித்தொகையோடு இளங்கலை இடம் பெற்றிருக்கிறார்கள். மாநில வாரியச் சான்றிதழால் முடியாதது எதுவுமில்லை, வழிகாட்டுதல்தான் இல்லை என்பதை அவர்கள் மெய்ப்பித்தார்கள். ஒரு சில பள்ளிகளில் முடிந்தது, சங்கரன்கோவில் வட்டாரத்தின் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளில் ஏன் முடியக் கூடாது?

பட்டப்படிப்புக்குப் பின் திறக்கும் வாசல்

எனவே தென்காசியின் பெரும்பாலான தலித் மாணவர்களுக்கு நடைமுறையில் திறந்திருக்கும் வழி, இங்கே இளங்கலை முடித்து முதுகலைக்கு வெளிநாடு செல்வது. குற்றாலத்தின் ஸ்ரீ பராசக்தி மகளிர் கல்லூரி போன்ற, மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகளில் படிப்பவர்கள் இந்த வழியின் மேடுபள்ளங்களை முதலாண்டிலேயே அறிந்திருக்க வேண்டும்.

முதல் மேடு, மூன்றாண்டுப் பட்டம். பிரித்தானியா அதை ஏற்கிறது. ஆனால் பல பல்கலைக்கழகங்கள் இந்தியக் கல்வி நிறுவனங்களைத் தரவரிசைப்படி பிரித்து, ஒரு பிரிவுக்கு ஒரு விழுக்காடும் மற்றொரு பிரிவுக்குக் கூடுதலான விழுக்காடும் கேட்கின்றன. அமெரிக்காவில் பல முதுகலைத் துறைகள் நான்காண்டு இளங்கலையை எதிர்பார்க்கின்றன. சில துறைகள் மூன்றாண்டுப் பட்டத்தையும் பரிசீலிக்கின்றன. பொதுவான விடை இல்லை. ஒவ்வொரு துறையிடமும் எழுத்தில் கேட்டே தெளிய வேண்டும்.

இரண்டாவது மேடு, ஒன்றிய அரசுத் திட்டத்தின் நிபந்தனைகள். ஆண்டுக்கு 125 இடங்கள்; அவற்றுள் 115 பட்டியல் சாதியினருக்கு. 30 விழுக்காடு பெண்களுக்கு. வயது 35க்குள், தகுதித் தேர்வில் 60 விழுக்காடு, குடும்ப ஆண்டு வருமானம் 8 இலட்சத்துக்கு மிகாமல் இருக்க வேண்டும். கியூ.எஸ். தரவரிசையில் முதல் 500 இடங்களுக்குள் உள்ள பல்கலைக்கழகம் ஒன்றின் நிபந்தனையற்ற சேர்க்கைக் கடிதம் கையில் இருக்க வேண்டும். தேர்வானவருக்குக் கல்விக் கட்டணத்தோடு, வாழ்க்கைச் செலவுக்குப் பிரித்தானியாவில் ஆண்டுக்கு 9,900 பவுண்டும் மற்ற நாடுகளில் 15,400 டாலரும் கிடைக்கும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டின் பட்டியல் சாதி மக்கள் 20 கோடிக்கும் மேல். அவர்களுக்கு ஆண்டுக்கு 115 இடங்கள்.

அந்த இடங்களும் உறுதியானவை அல்ல. 2022இல் இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியா குறித்த சமூகவியல் ஆய்வு ஆகிய துறைகள் இத்திட்டத்திலிருந்து நீக்கப்பட்டன. சாதியைப் பற்றி வெளிநாட்டில் ஆய்வு செய்ய விரும்பும் தலித் மாணவருக்கு அரசு நிதி இல்லை என்பதே அதன் விளைவு. 2025 ஜூலையில் 106 பேர் தேர்வு செய்யப்பட்டும், முதலில் 40 பேருக்கு மட்டுமே தற்காலிக ஒப்புதல் கடிதம் தரப்பட்டது. மற்றவர்களுக்கு நிதி இருப்பைப் பொறுத்து என்று சொல்லப்பட்டது. வகுப்புகள் செப்டம்பரில் தொடங்குகின்றன. இடத்தைத் தக்கவைக்க முன்பணம் கட்டச் சொல்லும் பல்கலைக்கழகம், நம் அமைச்சகத்தின் நிதி ஒப்புதலுக்காகக் காத்திருப்பதில்லை.

தமிழ்நாட்டுத் திட்டத்தில் 8 இலட்சத்துக்கு மிகாத வருமானமுள்ள குடும்பத்தின் மாணவருக்கு ஆண்டுக்கு 36 இலட்ச ரூபாய் வரை கிடைக்கும். ஒன்றிய அரசுத் திட்டத்துக்கு முயல்பவர்கள் இதையும் தவறாமல் கருத்தில் கொள்ள வேண்டும்.

அண்ணல் அம்பேத்கர் 1913இல் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குச் சென்றது பரோடா சமஸ்தானத்தின் உதவித்தொகையால். ஒரு மன்னரின் தனிப்பட்ட மனப்பாங்கு திறந்த வாசல் அது. தமக்குக் கிடைத்த வாய்ப்பு தம் மக்களுக்குத் தற்செயலாக அன்றி, உரிமையாகக் கிடைக்க வேண்டும் என்று கருதியதால்தான், 1942இல் வைஸ்ராயிடம் அளித்த கோரிக்கை மனுவில் பட்டியல் சாதி மாணவர்களின் வெளிநாட்டுக் கல்விக்கு ஆண்டுதோறும் அரசு நிதி ஒதுக்க வேண்டும் என்று கேட்டார். நிதி இருந்தால் தருவோம் என்னும் இன்றைய நிலை, அந்த உரிமையை மீண்டும் மன்னரின் மனப்பாங்காக மாற்றுகிறது.

சான்றிதழில் எழுதப்பட்ட மதம்

தென்காசிக்கு அருகிலுள்ள மீனாட்சிபுரம் 1981 பிப்ரவரியில் நாடறிந்த ஊராயிற்று. தீண்டாமைக் கொடுமையிலிருந்து விடுபட நூற்றுக்கும் மேற்பட்ட தலித் குடும்பங்கள் அங்கே இசுலாத்தைத் தழுவின. அந்த முடிவின் சட்ட விளைவு இன்றும் பேரப்பிள்ளைகளின் கல்வி விண்ணப்பம் வரை நீள்கிறது.

அரசியலமைப்பு (பட்டியல் சாதிகள்) ஆணை, 1950இன் மூன்றாம் பத்தி இந்துக்களை மட்டுமே பட்டியல் சாதியினராக ஏற்றது. 1956இல் சீக்கியர்களும் 1990இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவத்தையோ இசுலாத்தையோ தழுவியவர்கள் வெளியே நிறுத்தப்பட்டுள்ளனர். இக்கேள்வியை ஆராய நீதியரசர் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் 2022இல் ஒன்றிய அரசு ஓர் ஆணையத்தை அமைத்தது. இன்றைய விதிப்படி ஒன்றிய அரசின் 115 இடங்களுக்கு அவர்கள் விண்ணப்பிக்க முடியாது. தமிழ்நாட்டுத் திட்டத்தில் கிறித்தவ மதம் மாறிய ஆதிதிராவிடர்களுக்கு இடமுண்டு. இசுலாத்தைத் தழுவிய குடும்பத்தினர் சிறுபான்மையினர், பிற்படுத்தப்பட்டோருக்கான தனித் திட்டங்களையே நாட வேண்டும்.

பெயர் குறித்தும் ஓர் எச்சரிக்கை. 2021ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்தால் ஏழு உட்பிரிவுகள் தேவேந்திரகுல வேளாளர் என்னும் பொதுப்பெயரின் கீழ் வந்தன. பள்ளி மாற்றுச் சான்றிதழில் பழைய பெயரும் சாதிச் சான்றிதழில் புதிய பெயரும் இருப்பவர்கள், விண்ணப்பிக்கும் முன்பே வட்டாட்சியர் அலுவலகத்தில் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. காலக்கெடுவுக்கு முந்தைய வாரத்தில் கண்டுபிடிக்கப்படும் பெயர் வேறுபாடு ஓராண்டைத் தின்றுவிடும்.

மாணவர்கள் இப்போதே செய்யக்கூடியவை

ஒன்று: ஒன்பதாம் வகுப்பு முதலான மதிப்பெண் பட்டியல்கள் அனைத்தையும் பத்திரப்படுத்துங்கள். எல்லா ஆவணங்களிலும் பெயர், தலைப்பெழுத்து, பிறந்த நாள் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். கடவுச்சீட்டைப் பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டிலேயே எடுத்துவிடுங்கள்.

இரண்டு: பல பல்கலைக்கழகங்கள் பன்னிரண்டாம் வகுப்பின் ஆங்கில மதிப்பெண்ணையே மொழித்தகுதியாக ஏற்கின்றன. அவற்றுள் சில மாநில வாரியத்தையும் சேர்த்துக்கொள்கின்றன. ஐ.இ.எல்.டி.எஸ். கட்டணம் கட்டும் முன்பு இதை மின்னஞ்சலில் கேளுங்கள். தேர்வு எழுதியே ஆக வேண்டுமென்றால், தாட்கோ நடத்தும் கட்டணமில்லாப் பயிற்சியைப் பற்றி மாவட்ட அலுவலகத்தில் விசாரியுங்கள்.

மூன்று: விண்ணப்பக் கட்டண விலக்குக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் அதற்கு வழி உண்டு. கேட்பதனால் தகுதி குறைந்துவிடாது.

நான்கு: முகவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். மாணவரைச் சேர்த்துவிடுவதற்காகப் பல பல்கலைக்கழகங்கள் முகவருக்குத் தரகு தருகின்றன. எனவே தரகு தரும் இடத்தையே அவர் முதலில் காட்டக்கூடும். அந்தப் பெயர் தரவரிசையில் 500க்குள் இல்லையென்றால் ஒன்றிய அரசின் உதவித்தொகை கிடைக்காது. முதலில் உதவித்தொகையின் விதியைப் படியுங்கள். பிறகு பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுங்கள்.

ஐந்து: பிளஸ் டூ முடித்தவுடன் இளங்கலைக்கே செல்ல விரும்புபவர்கள், மதிப்பெண் கையில் வந்தபின் அடுத்த ஆண்டுச் சேர்க்கைக்கு விண்ணப்பிக்கலாம். கணிப்பு மதிப்பெண் தேவைப்படாது. ஜெர்மனியை நோக்குபவர்கள் அந்த ஓராண்டை இங்கே அதே துறையின் பட்டப்படிப்பில் செலவிடுவது வீணாகாது.

நாம் கேட்க வேண்டியவை

தனிமனித முயற்சியால் சிலர் மதிலைத் தாண்டுவார்கள். மதில் அப்படியே இருக்கும். 1951இல் சம்பகம் துரைராஜன் வழக்கில் மதராஸ் மாகாணத்தின் வகுப்புவாரி ஆணை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, தமிழ்நாடு கிளர்ந்தெழுந்தது. அதன் விளைவாக அரசியலமைப்பின் முதல் திருத்தமும் உறுப்பு 15(4)உம் பிறந்தன. பட்டியல் சாதியினரின் கல்வி நலனைத் தனிக் கவனத்தோடு வளர்ப்பது அரசின் கடமை என்று உறுப்பு 46 சொல்கிறது. அந்தக் கடமை நாட்டின் எல்லையோடு முடிவதாக அதில் எழுதப்படவில்லை.

ஆகவே, அயல்நாட்டு உதவித்தொகைத் திட்டங்கள் இளங்கலைக்கும் விரிவுபடுத்தப்பட வேண்டும். தேர்வுக் கட்டணம், ஆவணச் சரிபார்ப்புக் கட்டணம், விசா நேர்காணலுக்காகச் சென்னை சென்று திரும்பும் செலவு ஆகியவை முன்பணமாகத் தரப்பட வேண்டும். தேர்வானபின் திருப்பித் தருவது என்பது கையில் பணமுள்ளவருக்கே உதவும். ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளிலும் விடுதிகளிலும் உயர்கல்வி ஆலோசகர் நியமிக்கப்பட வேண்டும். ஒன்றிய அரசுத் திட்டத்தின் இடங்கள் உயர்த்தப்பட்டு, நீக்கப்பட்ட துறைகள் மீண்டும் சேர்க்கப்பட வேண்டும். தேர்வானவர் அனைவருக்கும் வகுப்பு தொடங்கும் முன் ஒப்புதல் கிடைக்க வேண்டும்.

இன்னொன்றும் அவசரமானது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2023ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் இந்தியாவிலேயே வளாகம் தொடங்கலாம். சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகம் 2025இல் குருகிராமில் தொடங்கிவிட்டது. சேர்க்கை முறையையும் கட்டணத்தையும் அவையே முடிவு செய்துகொள்ளலாம். இட ஒதுக்கீடு அங்கே கட்டாயமில்லை. கடல் கடந்து நின்ற மதில் இப்போது நம் மண்ணிலேயே எழுப்பப்படுகிறது. அவ்வளாகங்களுக்கும் இட ஒதுக்கீட்டை விரிவுபடுத்தும் சட்டத்தை இப்போதே கோராவிட்டால், நாளை இளங்கலை வாசலில் நம் பிள்ளைகளை நிறுத்தும் விதி லண்டனில் இருக்காது, குருகிராமில் இருக்கும்.